தலைவரின் மகன் என்பதால் கிடைத்த இடம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுச் சங்கங்களில் வாரிசுகளின் ஆதிக்கம் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லியிருப்பதில் பெரும்பாலானவற்றோடு எனக்குத் தகராறு இல்லை. நடுவே போட்டிருந்த ஒரு படத்தின் கீழ் இருந்த வரிதான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது. 2024 ஜூலையில் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில், நரைத்த தலையோடு ஒருவர் ஆரஞ்சுச் சட்டை போட்ட இளைஞனைக் கட்டிப்பிடித்திருக்கும் படம். 'அயர்லாந்திலும் இதே கதைதான்: கோப்பையைக் கொடுப்பவர் தலைவர், வாங்கும் அணியில் அவர் மகன்' என்று போட்டிருந்தீர்கள்.

படத்தில் இருப்பவர் ஜார்லத் பர்ன்ஸ். ஜி.ஏ.ஏ. என்று அயர்லாந்தில் எல்லாரும் சொல்லும் கேலிக் (அயர்லாந்தின் பாரம்பரிய) விளையாட்டுச் சங்கத்தின் தலைவர். இளைஞன் அவர் மகன்தான். பெயரும் ஜார்லத்தான், பின்னால் 'ஓக்', அதாவது இளையவர், என்று சேர்த்துக்கொள்வார்கள். அதுவரை சரி. 'இதே கதை' என்பதுதான் துளியும் சரியில்லை. நான் இருப்பது வட அயர்லாந்தில் உள்ள நியூரியில். பர்ன்ஸ் தலைமை ஆசிரியராக இருந்த பள்ளி பக்கத்து ஊரான பெஸ்புரூக்கில் இருக்கிறது. என் மகள் கேலிக் ஃபுட்பால் ஆடுகிறாள். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஆட்டம். கேலிக் ஃபுட்பால் நம் ஊர் கால்பந்தும் அல்ல, ரக்பியும் அல்ல. பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையில் பிடிக்கலாம், ஆனால் நாலு காலடி ஓடியதும் தரையில் தட்ட வேண்டும், இல்லையென்றால் காலால் தூக்கித் தன் கைக்கே திருப்பிக்கொள்ள வேண்டும். கோல் கம்பம் ஆங்கில எழுத்து 'எச்' போல நிற்கும். குறுக்குக் கட்டைக்கு மேலே போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. படத்தில் இருக்கும் அந்த 2024 அகில அயர்லாந்து இறுதியில் மகன் ஆடும் ஆர்மா கவுன்டி (நம் மாவட்டம் போல) அடித்தது 1-11, கால்வே கவுன்டி அடித்தது 0-13. ஒரு கோலும் 11 புள்ளியும் சேர்ந்தால் 14, எதிரணிக்கு 13. ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். அந்தக் கோலை அடித்தவர் ஏரன் மெக்கே என்ற தடுப்பாட்டக்காரர். 82,000 பேர் கொள்ளும் மைதானம் அது, நிரம்பி வழிந்தது.

இப்போது கேளுங்கள். அந்த 15 பேரில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. மாற்று ஆட்டக்காரர்களுக்கும் கிடையாது. பயணச் செலவும் சிறு உதவித்தொகையும் உண்டு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அத்தனை ஆயிரம் பேர் முன்னால் ஆடியவர் திங்கள்கிழமை வகுப்பெடுக்கவோ, வயரிங் வேலைக்கோ, வங்கிக்கோ போவார். அவர்களை விலைக்கு வாங்கவும் முடியாது. எந்த ஊர் கிளப்பில் சிறு வயதில் சேர்ந்தாரோ பெரும்பாலும் அதிலேயே கடைசிவரை இருப்பார், அந்த ஊர் எந்தக் கவுன்டியோ அந்தக் கவுன்டிக்குத்தான் ஆடுவார். பர்ன்ஸின் ஊர் தெற்கு ஆர்மாவில் உள்ள சில்வர்பிரிட்ஜ். மகன் ஆர்மாவுக்கு ஆடாமல் வேறு எதற்கு ஆடுவான்?

அணியைத் தேர்ந்தெடுப்பது டப்ளினில் இருக்கும் தலைவரும் அல்ல. ஒவ்வொரு கவுன்டிக்கும் தனி வாரியம் இருக்கிறது, அது ஒரு மேலாளரை வைக்கும், அவர்தான் ஆளை எடுப்பார். ஆர்மாவின் மேலாளர் கீரன் மெக்கீனி, பர்ன்ஸ் தலைவராவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே அந்த வேலைக்கு வந்தவர். கொஞ்சநஞ்ச ஆளல்ல. யாருடைய மகன் என்று பார்த்து அவர் ஒருவரைக் களத்தில் இறக்குவார் என்று ஆர்மாவில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.

தலைவரின் செல்வாக்கு வேலை செய்திருந்தால் முதலில் மே மாதத்திலேயே செய்திருக்க வேண்டும். பர்ன்ஸ் பதவியேற்றது 2024 பிப்ரவரியில். மே மாதம் அல்ஸ்டர் மாகாண இறுதியில் ஆர்மா டோனகாலிடம் தோற்றது. அதுவும் பெனால்டியில். அதற்கு முந்தைய ஆண்டும் மாகாண இறுதியில் பெனால்டியில்தான் தோற்றார்கள், அப்போது டெர்ரியிடம். அகில அயர்லாந்துக் காலிறுதியில் 2022-லும் 2023-லும் அதே பெனால்டி. இத்தனை அடி வாங்கிய அணிக்குக் கோப்பை கிடைத்தபோது இங்கே பெரியவர்கள் தெருவில் நின்று அழுதார்கள் என்றால் காரணம் இருக்கிறது.

கட்டுரையாளரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. என் அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியார். பிள்ளைகளை மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப்போகும் பஸ் செலவு பல தடவை அவர் கைக்காசு. நன்றாக ஓடிய ஒரு பையனை விட்டுவிட்டு, நிர்வாகி ஒருவரின் உறவுக்காரப் பையனை மாவட்ட அணிக்கு எடுத்துக்கொண்டதை அவர் வீட்டில் வந்து சொன்ன இரவு எனக்கு நினைவிருக்கிறது. அம்மா, 'உங்களுக்கு எதுக்கு இந்தப் பொழப்பு' என்றாள். அதை எல்லாம் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தலைவர், மகன், கோப்பை மூன்றும் ஒரே படத்தில் இருந்தால் வேறு எதுவும் தோன்றாதுதான்.

அதனால்தான் இந்த மனிதர் எந்த வழியாக அந்த மேடைக்கு வந்தார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

தெற்கு ஆர்மா எல்லையோரப் பகுதி. வட அயர்லாந்துக் கலவர காலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் மலை உச்சிகளில் கண்காணிப்புக் கோபுரம் கட்டி உட்கார்ந்திருந்த இடம். பெஸ்புரூக் என்பது குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பம் தங்கள் லினன் ஆலைத் தொழிலாளர்களுக்காக அமைத்த ஊர். மதுக்கடை கூட வைக்கவில்லை. பிறகு அந்த ஆலையே ராணுவ முகாம் ஆனது, ஹெலிகாப்டர் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும். பக்கத்து கிராஸ்மக்லென் ஊரில் கேலிக் மைதானத்தின் ஒரு பகுதியையே ராணுவம் எடுத்துக்கொண்டது. 1968-ல் பிறந்து இந்தச் சூழலில் வளர்ந்தவர் பர்ன்ஸ். என்னோடு வேலை பார்க்கும், அவர் வயதையொத்த ஒரு அக்கா, 'சாயங்காலம் பயிற்சிக்குப் போனால் திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பூட்ஸ் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும்' என்று சொல்வார். பையன்களுக்கு அந்த மைதானங்கள் எதற்காகத் தேவைப்பட்டன என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பர்ன்ஸ் நடுக்களத்தில் ஆடியவர். உயரமான ஆள், காற்றில் எழும்பிப் பந்தைப் பிடிப்பதுதான் அந்த இடத்தின் வேலை. 90கள் முழுக்க ஆர்மாவுக்கு ஆடினார், 1999 வரை அணி பெரிதாக ஒன்றும் ஜெயிக்கவில்லை. 1999-ல் அவர் கேப்டன். குளோனிஸ் மைதானத்தில் டவுன் கவுன்டியை வீழ்த்தி அல்ஸ்டர் பட்டத்தை எடுத்தார்கள், 1982-க்குப் பிறகு முதல் முறை. அகில அயர்லாந்து அரையிறுதியில் மீத் அணியிடம் தோற்றார்கள். அதோடு அவருடைய கவுன்டி ஆட்டம் முடிந்தது. மூன்றே ஆண்டு கழித்து, 2002-ல், கெர்ரியை ஒரு புள்ளியில் வென்று ஆர்மா தன் முதல் சாம் மக்வயர் கோப்பையை, அதாவது அகில அயர்லாந்துக் கோப்பையை, தூக்கியது. தூக்கிய கேப்டன் யார் தெரியுமா? மேலே சொன்ன அதே கீரன் மெக்கீனி. 1953-லும் 1977-லும் இறுதிவரை வந்து தோற்ற கவுன்டிக்கு அது கிடைத்தபோது, பர்ன்ஸ் களத்தில் இல்லை. மூன்று ஆண்டுகள் கூட ஆடியிருந்தால் என்று நானாக இருந்தால் இன்றும் புலம்பிக்கொண்டிருப்பேன்.

அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். பெஸ்புரூக்கில் உள்ள செயின்ட் பால்ஸ் உயர்நிலைப் பள்ளி. வட அயர்லாந்தில் இன்னும் 11 வயதில் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, மதிப்பெண் எடுத்தவர்களைக் கிராமர் பள்ளிகள் எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. செயின்ட் பால்ஸ் அப்படித் தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளி அல்ல, யார் வந்தாலும் சேர்க்கும் பள்ளி. நம் ஊரில் 'எல்லாப் பிள்ளையும் சேரும் இடம்' என்று சிலர் ஒரு மாதிரிக் குரலில் சொல்வார்களே, அந்தக் குரல் இங்கேயும் உண்டு. பர்ன்ஸ் அங்கே ஆசிரியராக இருந்து, 2013-ல் தலைமை ஆசிரியர் ஆனார். இடையில் தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசினார், சங்கத்தின் 125-ஆம் ஆண்டு விழாக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஐரிஷ் மொழியை வீட்டு மொழி போலப் பேசுவார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது ஒரு சட்டம். நிர்வாகம் என்றால் எல்லாரும் நாற்காலி, மாலை, ரிப்பன் என்று நினைக்கிறோம். விதிகளை ஆராயும் நிலைக்குழுவுக்கு அவர் தலைவராக இருந்தபோது, 'மார்க்' என்ற விதியைக் கொண்டுவந்தார்கள், 2017 முதல் அமலுக்கு வந்தது. கோல்கீப்பர் உதைத்துவிடும் பந்தை நடுக்களத்தில் ஒருவர் எகிறிச் சுத்தமாகப் பிடித்தால், அதுவரை என்ன நடக்கும்? தரையில் கால் படுவதற்குள் நாலு பேர் வந்து மேலே விழுந்து நசுக்குவார்கள். கஷ்டப்பட்டுப் பிடித்தவனுக்கே தண்டனை. புதிய விதிப்படி, பிடித்தவர் நின்று நிதானமாக ஒரு இலவச உதை எடுக்கலாம். இது நடுக்களத்தில் நசுங்கியவருக்குத் தோன்றும் விதி. கோப்பில் கையெழுத்துப் போடும் ஒருவருக்குத் தோன்றாது.

2020-ல் தலைவர் தேர்தலில் நின்றார். தோற்றார், வித்தியாசம் மிகக் குறைவு. ஜெயித்தவர் லாரி மெக்கார்த்தி, கார்க் ஊர்க்காரர், ஆனால் நியூயார்க்கில் குடியேறியவர். வெளிநாட்டில் இருந்து தலைவரான முதல் ஆள். மூன்றாண்டு கழித்து பர்ன்ஸ் மறுபடி நின்றார், 2023 மாநாட்டில் ஜெயித்தார். ஓட்டுப் போடுவது கவுன்டிகளில் இருந்து வரும் பிரதிநிதிகள். ஜெயித்தாலும் உடனே நாற்காலி இல்லை, ஒரு வருடம் காத்திருந்து அடுத்த பிப்ரவரியில் பொறுப்பு. பதவிக்காலம் மூன்று ஆண்டு, மறுபடி நிற்க முடியாது. பர்ன்ஸுக்கு 2027 பிப்ரவரியோடு முடிகிறது. இருபது வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி உங்கள் கட்டுரை எழுதியிருந்ததே, அந்த வியாதிக்கு இங்கே மருந்து இந்த ஒரு விதிதான்.

இன்னொரு விஷயத்தை நான் தேடிப் பார்த்து அசந்துபோனேன். 2012 முதல் வந்த தலைவர்களை வரிசையாகப் பாருங்கள். லியம் ஓ நீல், லீஷ் கவுன்டி, ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியர். அடுத்து எய்கான் ஓ ஃபாரில், கேவன், அவரும் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியர். ஜான் ஹோரன், டப்ளினில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். மெக்கார்த்தி, நியூஜெர்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அப்புறம் பர்ன்ஸ். அதற்கு முன்னால் 2003-ல் வந்த ஷான் கெல்லி, குரோக் பார்க்கில் ரக்பியும் கால்பந்தும் ஆடலாம் என்று கதவைத் திறந்துவிட்டவர், அவர் கில்லார்னியில் பள்ளி ஆசிரியர். அறுபதுகளில் ஆர்மாவில் இருந்தே தலைவரான ஆல்ஃப் முர்ரே, ஆர்மாவுக்கு ஆடியவர், ஆசிரியர். எல்லாவற்றுக்கும் மேலே, 1884 நவம்பர் 1-ஆம் தேதி தர்லஸ் ஊரில் ஹேய்ஸ் ஹோட்டலில் ஏழெட்டுப் பேரைக் கூட்டி இந்தச் சங்கத்தைத் தொடங்கினாரே மைக்கேல் கியூசாக், அவரும் வாத்தியார்தான். டப்ளினில் அரசுத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பள்ளி நடத்தியவர். (இரண்டு வருடத்திற்குள் அவரையே செயலாளர் பதவியில் இருந்து இறக்கிவிட்டார்கள். கோபக்காரர், கடிதங்களில் எல்லாரையும் திட்டுவார். அது தனிக் கதை.)

ஏன் இத்தனை வாத்தியார்கள்? யோசித்தால் பெரிய மர்மம் இல்லை. ஊர்ப் பள்ளியில் பையன்களுக்கு முதலில் பந்து உதைக்கக் கற்றுக்கொடுப்பவர் அவர்தான். சாயங்காலம் நேரம் இருப்பவர், கூட்டக் குறிப்பு எழுதத் தெரிந்தவர், பெற்றோர்களின் பேர் தெரிந்தவர் அவர்தான். கிளப்பில் செயலாளர் ஆவார், பிறகு கவுன்டி வாரியம், பிறகு மாகாணம். அப்பா இங்கே பிறந்திருந்தால் எங்கே போய் நின்றிருப்பார் என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

அதற்காக இது சொர்க்கம் என்று எழுதவில்லை. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் இல்லை என்றேன். ஆனால் கிளப் மேலாளர்கள் பலர் மேசைக்கு அடியில் பணம் வாங்குவது ஊரறிந்த ரகசியம். அதைப் பேசாமல் விடக்கூடாது என்று பர்ன்ஸே சொல்லி, அமெச்சூர் நிலையை ஆராய ஒரு குழு அமைத்தார். பெண்கள் ஃபுட்பாலுக்கு ஒரு சங்கம், அவர்கள் மட்டை பிடித்து ஆடும் கமோகிக்கு இன்னொரு சங்கம் என்று பெண்கள் ஆட்டம் இன்னும் தனியாக இருக்கிறது. ஜி.ஏ.ஏ.வோடு சேர்த்து மூன்று சங்கங்களையும் ஒன்றாக்கும் வேலை, முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்காலீஸ் தலைமையில், நடந்துகொண்டிருக்கிறது. என் மகளுக்கு ஆடுகளம் கிடைக்காமல் பையன்கள் முடிக்கும்வரை குளிரில் காத்திருக்கும்போது அது சீக்கிரம் நடந்தால் தேவலை என்று தோன்றும்.

தலைவரானதும் பர்ன்ஸ் செய்த பெரிய வேலையைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஆட்டம் சலிப்பாகிக்கொண்டு வந்தது. எல்லாரும் பின்னால் போய்க் கூட்டமாக நிற்பது, பந்தைப் பக்கவாட்டில் கை மாற்றி மாற்றி நேரத்தைக் கடத்துவது. டப்ளின் அணியைத் தொடர்ந்து ஐந்து ஆண்டு கோப்பைக்கு அழைத்துச் சென்ற மேலாளர் ஜிம் கேவினை ஒரு குழுவுக்குத் தலைவராக்கி, ஆட்டத்தைச் சரிசெய்யச் சொன்னார் பர்ன்ஸ். 2024 நவம்பர் கடைசியில் சிறப்பு மாநாடு கூட்டி விதிகளை நிறைவேற்றினார்கள், 2025-ல் அதன்படி ஆடினார்கள். கோலில் இருந்து 40 மீட்டர் தூரத்தில் வரைந்த வளைவுக்கு வெளியிலிருந்து குறுக்குக் கட்டைக்கு மேலே அடித்தால் 2 புள்ளி. எந்த நேரமும் ஒவ்வொரு அணியிலும் மூன்று பேராவது எதிர்ப் பாதியில் நிற்க வேண்டும். நடுவர் எதிரணிக்கு இலவச உதை கொடுத்தால் பந்தை எதிராளி கையில் மரியாதையாகக் கொடுத்துவிட வேண்டும், தூக்கி எறிந்தால், முணுமுணுத்தால், 50 மீட்டர் முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுவார் நடுவர். கடைசி விதியைக் கேட்டதும் என் கணவர், 'இது ஹெட்மாஸ்டர் போட்ட ரூல்' என்றார். குழுவினர் போட்டதுதான், ஆனாலும் அவர் சொன்னதில் தப்பில்லை. ஆறு மாதத்தில் சின்னப் பிள்ளைகள் கூட நடுவரிடம் வாயாடுவதை நிறுத்திவிட்டார்கள்.

தன் விதிகள் தன் கவுன்டிக்கு உதவுமா என்று பார்த்து இதைச் செய்தவர் இல்லை என்பதற்குச் சாட்சியும் வந்துவிட்டது. 2025 காலிறுதியில் கெர்ரி இந்தப் புதிய விதிகளை வைத்து நடப்புச் சாம்பியன் ஆர்மாவை நொறுக்கி அனுப்பியது. இரண்டாம் பாதியில் ஆர்மா பந்தைத் தொடவே இல்லையோ என்று தோன்றும் அளவுக்கு வரிசையாகப் புள்ளிகள். பிறகு இறுதியில் டோனகாலையும் வென்று கெர்ரியே கோப்பையை எடுத்துக்கொண்டது. அதையும் தலைவர் என்ற முறையில் பர்ன்ஸ்தான் எடுத்துக் கொடுத்தார்.

ஆகவே ஐயா, இளைய ஜார்லத்தைப் பற்றி நீங்கள் எழுத விரும்பினால் அவன் அப்பா யார் என்பதை விட்டுவிட்டு அவன் எப்படி ஆடினான் என்று எழுதுங்கள். ஆட்டத்தின் முழு வீடியோ இணையத்தில் கிடைக்கிறது. விளையாட்டுப் பக்கத்துக்கு விவரம் வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், விதிகள் உட்பட. சன்மானம் வேண்டாம், இந்த ஊர் வழக்கப்படி.

தங்கள் வாசகி,
நியூரி, வட அயர்லாந்து